பயந்த பிள்ளையை முதலில் போர்த்துங்கள்



அச்சம் ஈமானின் குறை அன்று, படைப்பின் இயல்பு. கைத்தடி பாம்பாய் நெளியக் கண்டபோது மூஸா (அலை) அவர்கள் திரும்பிப் பாராமல் ஓடினார்கள் என்று திருமறையே சொல்கிறது. வல்ல நாயன் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. அஞ்ச வேண்டாம் என்று தேற்றி, அதைப் பிடிக்கச் சொன்னான். நபி ஒருவரே அஞ்சியிருக்க, இரண்டு வயதுப் பிள்ளை அஞ்சினால் அதைக் கோழை என்று ஏசலாமா?

ஹஜ்ஜுப் பெருநாளுக்காக முற்றத்தில் கட்டிய கிடா, கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து பிள்ளையை முட்டித் தள்ளிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உடம்பில் காயம் இல்லை. ஆனால் அன்றிரவு முதல் பிள்ளை தூக்கத்தில் அலறுகிறது. முற்றத்தில் கால் வைக்க மறுக்கிறது. உம்மாவின் முந்தானையை விடுவதில்லை. நின்றிருந்த பழக்கம் திரும்பி வந்து படுக்கையை நனைக்கிறது.

வீட்டில் என்ன நடக்கிறது? "ஆம்பிளைப் பிள்ளை ஆட்டுக்குப் பயப்படலாமா?" என்று வாப்பா தூக்கிப்போய்க் கிடாவின் முன்னே நிறுத்துகிறார். அண்ணன் "மே" என்று கத்திச் சீண்டுகிறான். நன்னி ஒரு தாயத்தைக் கட்டிவிடுகிறார். அத்துடன் கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம்.

சகோதரிகளே! நமக்கு அன்னை கதீஜா (ரலி) அவர்களின் முன்மாதிரி இருக்கிறதே! கி.பி. 610இல் ஹிரா குகையில் முதல் வஹீ அருளப்பட்டபின், நாயகம் (ஸல்) அவர்கள் நடுங்கும் நெஞ்சுடன் இல்லம் வந்து, தம்மைப் போர்த்திவிடும்படி கேட்டார்கள். வீட்டார் போர்த்தினார்கள். நடுக்கம் தணிந்த பிறகே நாயகம் (ஸல்) நடந்ததைச் சொன்னார்கள். அன்னையார் கேட்டார்கள், தேற்றினார்கள், பின்னர் வேதம் அறிந்த வரகாவிடம் அழைத்துச் சென்றார்கள். போர்த்துதல், கேட்டல், தேற்றுதல், அறிந்தவரிடம் செல்லுதல்: இந்த வரிசையை மனத்தில் கொள்ளுங்கள்.

முதலில் போர்த்துங்கள். மடியில் வைத்து அணைத்துக்கொள்ளுங்கள். உணவும் உறக்கமும் வழக்கமான நேரத்தில் நடக்கட்டும். உங்கள் முகம் பதறினால் பிள்ளையும் பதறும். குழந்தை அழும் குரல் கேட்டுத் தொழுகையையே சுருக்கியவர்கள் நம் நாயகம் (ஸல்). அடுப்பு வேலை சற்றுக் காத்திருக்கலாம்.

அடுத்து, கேளுங்கள். சின்னப் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது. பொம்மையை முட்டித் தள்ளி விளையாடும். "ஆடு முட்டு" என்று நூறு தடவை சொல்லும். அதுவே அதன் பேச்சு. வாயை அடைக்காதீர்கள். "ஆடு முட்டியது, நீ விழுந்தாய், உம்மா ஓடி வந்து தூக்கினேன், இப்போது ஒன்றுமில்லை" என்று சொல்லி முடித்து வையுங்கள்.

பிறகு தேற்றி, மெல்ல அழைத்துச் செல்லுங்கள். இன்று ஜன்னல் வழியே பார்க்கட்டும். சில நாள் கழித்து வாசற்படி. பின்னர் இடுப்பில் இருந்தபடியே, வாப்பா தழை கொடுப்பதைப் பார்க்கட்டும். மறுத்தால் விட்டுவிடுங்கள். கிடா நிற்கும்போதே "ஆடு போய்விட்டது" என்று பொய் சொல்ல வேண்டாம். ஒன்று தருவதாகப் பிள்ளையை அழைத்த தாயிடம், கொடுக்காவிட்டால் அது பொய்யாக எழுதப்படும் என்று எச்சரித்தார்கள் நாயகம் (ஸல்). அறுக்கும் இடத்துக்கும் அந்தப் பிள்ளையைக் கொண்டுபோகாதீர்கள்.

சீண்டும் அண்ணனுக்கு ஒரு செய்தி: உறங்கிய தோழர் ஒருவரின் கயிற்றைச் சிலர் எடுத்ததால் அவர் திடுக்கிட்டபோது, முஸ்லிமை அச்சுறுத்துவது ஆகாது என்று நாயகம் (ஸல்) தடுத்தார்கள்.

ஒரு மாதம் கடந்தும் அலறல் நிற்கவில்லை, உண்ண மறுக்கிறது, பேசிய பேச்சும் குறைகிறது என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அது தவக்குலுக்கு மாறானதன்று.

இரவில் குல்ஹுவல்லாஹு, ஃபலக், நாஸ் சூராக்களை ஓதிப் பிள்ளையின் மேனியைத் தடவிவிடுங்கள். இப்ராஹீம் (அலை) தம் மக்களுக்காகப் பாதுகாவல் தேடிய சொற்களைக் கொண்டே, நாயகம் (ஸல்) ஹஸன், ஹுஸைன் (ரலி) இருவருக்கும் பாதுகாவல் தேடினார்கள். ஓதும் அந்தக் குரலும் தடவும் கையும் பிள்ளைக்கு எத்தனை பெரிய ஆறுதல்!

இறுதியாக ஒன்று. சோறு உண்ணாத பிள்ளையைப் பூச்சாண்டி, மோதினார் என்று மிரட்டுகிறோம். "அல்லாஹ் கண்ணைக் குத்துவான்" என்றும் சொல்லிவிடுகிறோம். பயந்த நேரத்தில் ஓடி ஒதுங்க வேண்டிய வாசலையே பயமுறுத்தும் இடமாக்கலாமா? ரஹ்மானின் பெயரைப் பிள்ளை முதன்முதலாக அணைப்பில் கேட்கட்டும், அதட்டலில் அல்ல.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் உள்ளங்களில் அமைதியை இறக்குவானாக! ஆமீன்.