கேட்காத கேள்விக்குப் பதில்

"இந்த மாசம் வர முடியாதும்மா." கொழும்பில் வேலை செய்யும் மகள் ஹட்டன் தோட்டத்து லயத்துக்குப் போன் எடுத்தால், இந்த ஒரு வரி அரை மணி நேரமாகிவிடுகிறது. லீவு கேட்டது, முதலாளி முகம் சுளித்தது, ரயிலில் சீட் கிடைக்காதது எல்லாம் வரிசையாக வரும். அம்மா முதல் வரியிலேயே "சரி புள்ள" என்று சொல்லியிருப்பாள். மகளின் காதில் அது ஏறுவதில்லை.

இதை அவளுடைய பலவீனம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. மலையகத்தில் விளக்கம் சொன்னால்தான் பிழைப்பு. கொழுந்து நிறுக்கும்போது கிலோ குறைந்தால் அரைப் பேர்தான் விழும். அன்றைய கூலியில் பாதி. மழையையும் சரிவையும் எடுத்துச் சொல்லிப் பார்த்தே ஆகவேண்டும். 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமோ இங்கேயே பிறந்தவர்களிடமும் தகப்பன் இங்கே பிறந்ததற்கு, அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்குச் சான்று கேட்டது. பிறப்பையே ஒழுங்காகப் பதியாத காலத்து மனிதர்களுக்குச் சான்று எங்கிருந்து வரும்? 1964-இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் இந்த மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டது. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது. இப்படிப்பட்ட வீடுகளில் வளரும் பிள்ளைக்கு, காரணம் சொல்லாத 'முடியாது' பயத்தைத்தான் தரும்.

ஆனால் அம்மாவின் கையில் தராசு இல்லை. புருஷனிடமும் சிநேகிதியிடமும் இருக்கக் கூடாது. அடுக்கிய காரணங்களை எதிரில் இருப்பவர் ஒவ்வொன்றாக உருவிவிடலாம். கடைசியில் நமக்கே நம் முடிவு பொய்யாகத் தெரியும். (மனம் நொந்து கேட்பவரிடம் வாய் திறக்காமல் விறைத்து நிற்பது வேறு; அது திமிர்.) சுருக்கமாகச் சொல்லி நிறுத்தினால் ஓர் இடைவெளி விழும். அதை நிரப்ப நாக்கு துடிக்கும். பொறுத்தால், அந்த இடைவெளியில் அம்மா "சாப்பிட்டியா?" என்று கேட்பாள்.

சான்று கேட்ட அந்தச் சட்டத்துக்கு வெகுகாலம் பிந்தி வந்த 2003-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழ்ந்துவந்த இந்திய வம்சாவளியினரையும் அவர்கள் வழிவந்தோரையும் குடிமக்களாக ஏற்றது. பாட்டன் பிறந்த ஊரை அது கேட்கவில்லை. அந்தச் சட்டம் வந்த நாளில்தானா அவர்கள் இந்த மண்ணுக்கு உரியவர்கள் ஆனார்கள்? மலையை வெட்டித் தேயிலை நட்டு, பெற்றவர்களை அங்கேயே புதைத்தவர்கள் அவர்கள். முன்பே இருந்ததைச் சட்டம் பிந்தி எழுதிக்கொண்டது, அவ்வளவுதான். 'வர முடியாது' என்று சொல்லும் ஒருத்தியின் களைப்பும் அப்படித்தான் முன்பே இருக்கிறது, யாரும் தலையாட்டுவதற்கு முன்பே.