கண்ணை வழிநடத்துவதன் அறம்

ரோம் நகரின் சான் லூயிஜி தேவாலயத்தில் கரவாஜியோ 1600-ஐ ஒட்டி வரைந்த, புனித மத்தேயு அழைக்கப்படும் ஓவியம் இருக்கிறது. வலப்பக்கத்து ஒளி கிறிஸ்துவின் தலைக்கு மேலாகச் சரிந்து வருகிறது. அவர் நீட்டிய கையும் அதே திசையைக் காட்டுகிறது. நம் கண் இருட்டைக் கடந்து, மேசையில் காசு எண்ணுகிறவர்களிடம் போய் நிற்கிறது. இந்த ஓவியம் நம்மிடம் ஒன்றைக் கேட்கிறதே, மனமாற்றத்தைக் கேட்கிறதே எனலாம். கேட்கிறதுதான். ஆனால் ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் கொடுக்காமல் வெளியேறவும் விடுகிறது. இணையப் பக்கத்தை அமைப்பவரும் வெளிச்சம், அளவு, இடைவெளி என்று அதே கருவிகளைத்தான் கையாள்கிறார். அங்கே கண் போய் நிற்கும் இடத்தில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் பணமோ அந்தரங்கமோ கைமாறுகிறது. அழகியலாக இருந்தது அந்த இடத்தில் அறப் பிரச்சினையாகிவிடுகிறது.

குக்கி அனுமதி கேட்கும் பெட்டியைப் பாருங்கள். ‘அனைத்தையும் ஏற்கிறேன்’ என்பது அடர்நீலத்தில், கட்டைவிரல் எட்டும் இடத்தில் இருக்கும். மறுக்கும் வழியோ வெளிர்சாம்பல் எழுத்தில் பின்னணியோடு கரைந்திருக்கும், அல்லது அடுத்த திரைக்குப் போயிருக்கும். ஏற்க ஒரு சொடுக்கு, மறுக்கப் பல சொடுக்கு என்று வைத்திருந்ததற்காக, பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்ததை 2022 ஜனவரியில் அறிவித்தது.

எதையாவது பெரிதாக வைத்துத்தானே ஆகவேண்டும், நடுநிலையான பக்கம் எங்கே இருக்கிறது என்று வடிவமைப்பாளர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அருகருகே இருப்பதையும் ஒத்திருப்பதையும் கண் தானாகவே ஒன்றுசேர்த்துவிடும் என்று உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் 1923-இலேயே எழுதினார். ஆகவே பார்வையை நடத்தாமல் இருக்க யாராலும் முடியாது. விட்டுவிலக முடியாத அதிகாரம் என்பதால்தான் அதற்கு நெறி வேண்டியிருக்கிறது. வெளியே சொன்னால் நிறைவேறாத நோக்கத்தோடு பிறர் உரிமையில் கைவைப்பது அநீதி என்று இம்மானுவேல் காண்ட் 1795-இல் அரசுகளுக்கு ஒரு சோதனை வைத்தார். அது இங்கேயும் பொருந்தும். ‘உடனே கண்ணில் படட்டும் என்று அவசர உதவி எண்ணைப் பெரிதாக்கினோம்’ என்று பக்கத்திலேயே எழுதி வைக்கலாம். ‘கண்ணில் படக்கூடாது என்று மறுப்பை மங்கலாக்கினோம்’ என்று எழுதி வைக்க யாருக்குத் துணிவு வரும்? தேடிப் பார்த்துக்கொள்வது பயன்படுத்துபவரின் பொறுப்பு என்று சொல்வதையும் ஏற்க முடியாது. பார்வை மங்கிய முதியவரும், சின்னத் திரையில் அவசரமாகப் பணம் கட்டுகிறவரும்தான் அந்தப் பொறுப்பின் விலையைக் கொடுக்கிறார்கள், அமைத்தவர் கொடுப்பதில்லை.

இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இப்படிப்பட்ட 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிடுகின்றன. சிலவற்றைத் தூக்கிக்காட்டி, தெரியவேண்டியதை மறைக்கும் பக்க அமைப்பும் அதில் ஒன்று.