ஏடு தொலைந்தால் குற்றம் யாருடையது?

பாகான் டத்தோவில் தென்னந்தோட்டத்தை அடுத்துச் சிறு வீடொன்று கட்டிக் குடியிருக்கும் ஒருவன், பின்புறம் ஓர் அறை சேர்க்க எண்ணி மன்றத்து அலுவலகத்திற்குச் செல்வதாக வைத்துக்கொள்வோம். “முன்பு கட்டியதற்கு அனுமதி உண்டா? வரைபடம் எங்கே?” என்று கேட்கிறார்கள். “தங்களிடந்தானே கொடுத்தோம், ஐயா” என்கிறான். உள்ளே சென்று தேடிய உத்தியோகஸ்தர், “இங்கு அப்படியோர் ஏடு காணோமே” என்று திரும்பி வருகிறார். அந்த நிமிஷம் முதல் அது அனுமதியற்ற வீடாகிவிடுகிறது! நேற்று வரை ஒழுங்காயிருந்த சுவர் இன்று குற்றவாளியாய் நிற்கிறது.

அலுவலகத்தின் சோம்பலைப் பற்றி எழுத நாம் இங்கு முன்வரவில்லை. அதைப் பலரும் எழுதிச் சலித்துவிட்டனர். நாம் கேட்பது வேறு. காப்பவன் தொலைத்ததற்கு ஒப்படைத்தவன் ஏன் தண்டம் கட்ட வேண்டும்? அடகுக் கடைக்காரர் நகையைத் தொலைத்துவிட்டு, “நீ நகை வைத்ததற்கு அத்தாட்சி என்ன?” என்று கேட்டால் ஊர் சும்மா விடுமா? அலுவலகம் கேட்டால் மட்டும் நாம் தலையைச் சொறிந்துகொண்டு வெளியே வருகிறோம்.

ஏடுகள் தொலைவதற்குக் காரணமில்லாமலில்லை. வெள்ளையர் காலத்துச் சுகாதார சபைகள் டவுன் போர்டுகளாயின. 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் பற்பல சிறு சபைகளைப் பெரிய மன்றங்களுள் அடக்கியது. பாகான் டத்தோவோ 2017-ல் தனி மாவட்டமாயிற்று. இத்தகைய மாற்றங்களில் அலமாரிகள் வண்டியேறுகின்றன. மழையும் கரையானும் தம் பங்கை எடுத்துக்கொள்ளுகின்றன. இவற்றை நாம் மன்னிக்கலாம். ஆனால் கரையானின் மீது எல்லாப் பழியையும் போடுவதற்கில்லை. பம்பாய் கொலாபாவில் எழுந்த 31 மாடி ஆதர்ஷ் கட்டடத்தைப் பற்றிய ஊழல் 2010-ல் வெடித்து, முதலமைச்சரே பதவி துறந்த சமயத்தில், நகர அபிவிருத்தி இலாகாவின் கோப்பில் சில தாள்கள் இல்லையென்பது வெளிப்பட்டது. கோப்பு இருந்தது, வேண்டிய தாள்கள் மட்டுமே பறந்துவிட்டன. எந்த ஊர்க் கரையான் இப்படிப் பொறுக்கித் தின்னும்?

ஏடு பத்திரமாக இருந்தாற்கூட அதற்குப் பொறுப்பேற்பவர் யார் என்னும் கேள்வி நிற்கிறது. 1993-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் தேதி, உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிகளுள் ஒன்று சரிந்து 48 பேர் மாண்டனர். வழக்கு பல்லாண்டு நடந்தது. முடிவில், 2006-ல், கூட்டரசு நீதிமன்றம் ஊராட்சி மன்றத்தின் மீது பொறுப்பில்லை என்று தீர்த்தது. 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்து 95-ஆம் பிரிவு, கட்டடத் திட்டங்களை அங்கீகரித்தல், பார்வையிடல் ஆகியவற்றுக்காக மன்றத்தின்மேல் வழக்காட முடியாதபடி காக்கிறது. சட்டம் அப்படியிருக்கலாம், நியாயம் அதுதானா? கட்டுகிறவன் அனுமதி கேட்டே தீரவேண்டும், கேளாவிடில் தண்டனை. அனுமதி கொடுத்தவர் மட்டும் கொடுத்ததற்கு விடை சொல்ல வேண்டியதில்லை. அப்படியானால் அந்த முத்திரை யாரைக் காப்பதற்காகக் குத்தப்படுகிறது?

தோட்டத்துக் கோயில்களின் கதை இன்னும் இரங்கத்தக்கது. அங்கே தொலைவதற்கே ஏடு கிடையாது. துரை வாய்வார்த்தையாகச் சம்மதித்தார். கங்காணி ஆட்களைக் கூட்டினார். லயத்து மக்கள் ஒருநாட் கூலியைக் கொடுத்துக் கட்டினார்கள். தோட்டம் கைமாறியதும் வாய்வார்த்தை செத்தது. கோயில் “சட்டவிரோதக் கட்டடம்” என்னும் பட்டத்தைப் பெற்றது. மூன்று தலைமுறை கண்ட சாட்சியங்கள் ஒரு தாளுக்கு ஈடாகவில்லை.

இவ்வளவும் சொன்னபின் நம்மவரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாதிருந்தால் நாம் நேர்மையற்றவராவோம். கும்பாபிஷேக அழைப்பிதழைக் கண்ணாடி போட்டு மாட்டும் நம் சங்கங்களில் எத்தனை, கட்டட வரைபடத்தின் பிரதியொன்றைப் பெட்டியில் வைத்திருக்கின்றன? காரியதரிசி மாறும்போது கணக்குப் புத்தகமும் அவரோடேயே வீட்டுக்குப் போய்விடுகிறது. கேட்டால் மனஸ்தாபம்! விண்ணப்பமே போடாமல் அறை கட்டிவிட்டு, “ஆபீஸில் தொலைத்துவிட்டார்கள்” என்று சொல்லுகிற சாமர்த்தியசாலிகளும் நம்மிடை உண்டு. உண்மையாகவே தொலைக்கப்பட்டவனின் முறையீட்டை முதலில் கெடுக்கிறவர்கள் இவர்களே.

நாம் வேண்டுவது பெரிதொன்றுமன்று. விண்ணப்பம் வாங்கும்போதே தேதியும் எண்ணும் இட்ட ரசீது கொடுக்கட்டும். அனுமதித்த வரைபடத்தின் முத்திரையிட்ட பிரதி கட்டியவன் கையில் இருக்கட்டும். ஏடு காணோமென்றால், தேடிய உத்தியோகஸ்தர் “தேடினோம், காணோம்” என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கட்டும். அந்தக் கடிதத்தைக் கேட்கும்போதுதான் சில அலமாரிகள் மறுபடியும் திறக்கப்படுகின்றன.