களிமண்ணும் கணினித் திரையும்

படைப்பைப் பேணுதல் கிறிஸ்தவக் கடமை என்பதில் இன்று நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' திருமடல் அதனைத் தெளிவாக உணர்த்திவிட்டது. ஆனால் அக்கடமையை யார் செலவில் நிறைவேற்றுவது என்னும்போதுதான் மனச்சான்று விழித்துக்கொள்கிறது. தொழிற்பயிற்சியை இணையவழியே அளித்தால் பூமியின் சுமை குறையும் என்னும் கருத்தை இங்கு எண்ணிப் பார்ப்போம்.

இக்கருத்தில் உண்மை உண்டு. தொலைநிலைப் படிப்புக்குச் செலவாகும் ஆற்றல், வளாகத்தில் பயிலும் படிப்பைவிட ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு குறைவு என்று இங்கிலாந்தின் திறந்தநிலைப் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2005-இல் கண்டது. மாணவரின் பயணமும் தங்குமிடமும் மிச்சமாவதே இதற்குப் பெருங்காரணம். நம் நாட்டிலும் 2017-இல் தொடங்கப்பெற்ற 'ஸ்வயம்' தளத்தின்வழி வீட்டிலிருந்தே பல பாடங்களைக் கற்க இயலுகிறது. இது நன்றே.

ஆயினும் விருத்தாசலத்தின் பீங்கான் பட்டறை ஒன்றினுள் நுழைந்து பார்ப்போம். களிக்குழம்பைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு நீரை உறிஞ்ச, ஓரத்தில் மண் படிந்து சுவராகிறது. போதிய தடிப்பு வந்ததும் எஞ்சிய குழம்பைக் கவிழ்த்துவிட வேண்டும். அந்த நேரத்தைக் கடிகாரம் மட்டும் சொல்லிவிடாது. காய்ந்த அச்சு விரைந்து உறிஞ்சும். ஈரம் ஏறியது தாமதிக்கும். கண்ணும் விரலும் பழகியே அதனை அறிய வேண்டும். பச்சை மண்ணில் நேர்ந்த பிழையை நீரில் கரைத்து மீண்டும் வார்க்கலாம். ஆயிரம் டிகிரியைக் கடந்த சூளையில் வெந்து வெடித்த பாண்டமோ மீண்டும் களிமண் ஆவதில்லை. மண்ணும் வீண், எரிபொருளும் வீண், உழைப்பும் வீண்.

இறைவாக்கினர் எரேமியா இவ்விரண்டையும் அறிந்திருந்தார். பதினெட்டாம் அதிகாரத்தில், குயவரின் கையில் கெட்டுப்போன மண் வேறொரு கலமாகிறது. பத்தொன்பதாம் அதிகாரத்தில் உடைக்கப்பட்ட கலயத்தைச் சீராக்க வழியில்லை. முதற்பாடத்தைக் கற்க ஆண்டவர் அவரைக் குயவரின் வீட்டுக்கே அனுப்பினார் என்பதும் கருதத்தக்கது. இருந்த இடத்திலேயே அவருக்குச் சொல்லியிருக்க முடியாதா? சில உண்மைகள் போய்ப் பார்ப்பவருக்கே விளங்குகின்றன.

எனவே பயிற்சியின் செலவைக் கணக்கிடுவோர் பேருந்தின் எரிபொருளோடு நிறுத்திக்கொள்ளலாகாது. கை பழகாத இளைஞர் ஒருவர் சூளையில் வீணாக்குவதையும் சேர்க்க வேண்டும். சான்றிதழ் பெற்றும் வேலை தெரியாதவர் என்று அவர் அடையும் அவமானத்தை எந்தக் கணக்கில் எழுதுவோம்? அவர் பயிற்சிக் காலமே பச்சை மண்ணின் காலம். பிழைசெய்து திருந்தும் அவ்வுரிமையைப் பறித்து இயற்கைக்குக் காணிக்கையாக்க நமக்கு அதிகாரமில்லை.

மண்ணின் வேதியியலையும் கணக்குப்பதிவையும் திரையில் கற்கட்டும். கை கற்க வேண்டியதைப் பட்டறையில் கற்கட்டும். சிக்கனத்தை எங்கே தொடங்குவதெனில், நம்மிடமே தொடங்குவோம். சுற்றறிக்கை ஒன்றை வாசித்துக் கேட்பதற்காகப் பங்குகள்தோறுமிருந்து வண்டிகளில் புறப்பட்டு, மதிய உணவோடு கலைந்த கூட்டங்கள் நமக்கு நினைவில்லையா? அவற்றைத் திரைக்கு மாற்றினால் எவரும் எதையும் இழப்பதில்லை. நம் வசதியைத் தொடாமல் ஏழையின் பயிற்சியை மட்டும் குறைப்பது படைப்பின்மீது கொண்ட அன்பாகாது. மண்ணால் மனிதரை வனைந்த இறைவன் அம்மண்ணையும் நேசிக்கிறார்; அதைத் தொட்டுப் பிழைக்கும் கையையும் நேசிக்கிறார்.