வடிகட்டிய இருள்

சேலத்து மொட்டை மாடியிலிருந்து ஒண்முகில்களைப் போட்டோ எடுத்துவிட முடிகிறது. திருவாதிரை இருக்கும் மீன்கூட்டத்திலேயே, சுமார் 1,300 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள ஓரியன் ஒண்முகில் மார்கழி இரவில் சுலபமாகப் பிடிபடும். மங்கலானவற்றுக்குத்தான் உபாயம் வேண்டும். அவற்றில் ஹைட்ரஜன் 656.3 நானோமீட்டரிலும் ஆக்ஸிஜன் 500.7லும் ஒளிர்கின்றன. அந்தக் குறுகிய பட்டைகளை மட்டும் அனுமதிக்கும் வடிகட்டியைக் காமிராவில் பொருத்தி, பல மணி நேரம் எடுத்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டுகிறார்கள். ஊரின் வெளிச்சம் பெரும்பாலும் கழிந்துவிடுகிறது. பழைய மஞ்சள் சோடியம் விளக்கு 589ஐச் சுற்றியே நின்றது, ஒதுக்குவது எளிது. வெள்ளை எல்.இ.டி. எல்லாப் பட்டைகளிலும் கை வைக்கிறது.

இப்படிப் பெற்ற படம் பொய் என்று ஒரு வாதம் உண்டு. எனக்கு அது பொருட்டாகப் படவில்லை. அந்த ஒளி அங்கிருந்து கிளம்பியது நிஜம். நிறம் நாம் பூசியது என்று சொல்லிவிட்டால் போதும். உறுத்துவது வேறு. கழித்தல் கைவசமானபின் ஊரிடம் நாம் எதையும் கேட்க வேண்டியதில்லை. வானம் தனிமனிதனின் உபகரணச் சாமர்த்தியமாகிவிடுகிறது. விட்டில் பூச்சிக்கு வடிகட்டி கிடையாது. வெறுங்கண்ணால் அண்ணாந்து பார்க்கும் பையனுக்கும் கிடையாது.

சமவெளி வெளிச்சம் முழுக்க வீண் என்றும் சொல்வதற்கில்லை. நாமக்கல் பண்ணைகளில் முட்டைக்கோழிக்குப் பகல் 16 மணி நேரம்வரை நீட்டப்படுகிறது. விளக்கு அங்கே தீவனம் மாதிரி. குமாரபாளையத்து விசைத்தறியில் இரவு ஷிப்டு பார்க்கிறவனிடம் நட்சத்திர அழகைப் பேசுவது ஒருவகை அநாகரிகம். ஆனால் தறிமேல் விழும் வெளிச்சம் வேறு, மூடியில்லாத தெருவிளக்கிலிருந்து மேலே போகும் வெளிச்சம் வேறு. பின்னது யாருக்கும் கூலி கொடுப்பதில்லை.

2024 ஜனவரியில் தமிழக அரசு கொல்லிமலையின் அரியூர் சோலைக் காப்புக்காட்டில் இருள்வான் பூங்கா அமைக்க 1 கோடி ரூபாய் ஒதுக்கியது. இரவுப் பிராணிகளைக் காப்பதும் அதன் நோக்கம். நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே இருட்டைப் பத்திரப்படுத்திவிட்டால் கீழே நாம் பழையபடியே இருந்துகொள்ளலாம் என்ற நிம்மதி இதில் ஒளிந்திருக்கிறது. வெளிச்சத்துக்கு எல்லைக்கல் ஏது? தவிரவும், மலைக்காரன் தன் வாசலுக்கு ஒரு விளக்கு கேட்டால் சமவெளிக்காரன் எந்த முகத்தோடு மறுப்பான்? விளக்கைத் தாராளமாகக் கொடுக்கலாம், மேலே ஒரு தகர மூடியோடு. முதல் மூடியை நம் தெருக்கம்பத்தில் மாட்டிவிட்டுப் போனால் பேச்சுக்கு இடமிருக்கும். அதை அடித்துத் தரச் சேலத்தில் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை.