யார் உட்காரலாம்?

ஒரு கப் டீக்கும் நாலு கேக் துண்டுக்கும் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுப்பது பாவமா?

சிரிக்காதீர்கள். சென்னையில் ஒரு நட்சத்திர ஹோட்டலுக்குப் போய் சாயங்காலம் நாலு மணிக்கு 'ஹை டீ' சாப்பிட்டுவிட்டு, அதை ஊரில் இருக்கும் பெரியப்பாவிடம் வாய் தவறிச் சொல்லிப் பாருங்கள். பெரியப்பா செஞ்சிப் பக்கம் தளவானூர்க்காரர் என்று வைத்துக்கொள்வோம்.

"அடப்பாவி! அந்தக் காசுல நம்ம கடையில நூறு பேரு டீ குடிச்சிருக்கலாமேடா!" என்பார்.

கணக்கு சரிதான். பதில் சொல்ல முடியாமல் நீங்கள் தலையைச் சொறிவீர்கள். சாப்பிட்ட கேக் அப்போதுதான் லேசாகக் கசக்க ஆரம்பிக்கும்.

அந்த மேஜையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மூன்று அடுக்குத் தட்டு. கீழ் அடுக்கில் ஓரம் வெட்டிய வெள்ளரிக்காய் சாண்ட்விச். நடுவில் ஸ்கோன், அதாவது நம்ம ஊர் பன்னுக்குச் சீமையில் இருக்கும் ஒன்றுவிட்ட தம்பி. மேலே குட்டிக் குட்டிப் பேஸ்ட்ரிகள். ஸ்கோன்மேல் முதலில் ஜாம் தடவணுமா, க்ரீம் தடவணுமா என்று இங்கிலாந்தில் கார்ன்வால்காரர்களுக்கும் டெவன்காரர்களுக்கும் இன்னும் தீராத சண்டை. முன்னவர் கட்சி ஜாம், பின்னவர் கட்சி க்ரீம்.

எல்லாம் ருசிதான். ஆனால் நீங்கள் கொடுத்த காசு ருசிக்காக மட்டும் இல்லை. இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கலாம். 'வேற என்ன சார் வேணும்?' என்று கேட்டபடி யாரும் பில்லை நீட்டமாட்டார்கள். அடுத்த ஆள் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கமாட்டார். அவசரமில்லாமல் உட்கார்ந்திருப்பதற்குத்தான் அத்தனை காசு.

'அது எங்க ஊர் பெஞ்சில ஓசியிலேயே கிடைக்குமே' என்பார் பெரியப்பா. உண்மைதான். பத்துப் பன்னிரண்டு ரூபாய்க்கு ஒரு டீ வாங்கினால் பேப்பர், அரசியல், ஊர்வம்பு எல்லாம் இலவசம். காலையில் உட்கார்ந்தவரை மத்தியானம்வரை யாரும் எழுப்புவதில்லை.

ஆனால் பெரியப்பாவிடம் ஒன்று கேட்கவேண்டும். பெரியம்மா என்றைக்காவது அந்த பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறாரா?

நம் கிராமத்து டீக்கடைகளில் பொம்பளைங்க எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். தூக்குவாளியில் டீ வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுபவர்கள்தான் அதிகம். இன்னொன்றும் இருக்கிறது. சிலருக்குத் தனி கிளாஸ், அவர்களுக்கு பெஞ்சில் இடமும் கிடையாது என்கிற இரட்டைக் குவளை வழக்கம் தமிழ்நாட்டு டீக்கடைகளில்தான் இருந்தது. எல்லா ஊரிலும் அது சுத்தமாக ஒழிந்துவிட்டது என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியுமா? அந்த பெஞ்ச் காசு கேட்பதில்லை, வாஸ்தவம். ஆனால் வேறு சிலது கேட்கிறது.

சீமையிலும் இதே கதைதான். 1840-களில் பெட்ஃபோர்டு சீமாட்டி ஆனா என்பவருக்கு, மதியச் சாப்பாட்டுக்கும் ராத்திரி விருந்துக்கும் நடுவில் பசி எடுத்ததால் வந்ததுதான் இந்தச் சாயங்கால டீ என்று சொல்வார்கள். அது மாளிகைக்குள்ளே நடந்தது. வெளியே, ஒரு கௌரவமான பெண் தனியாகப் போய்ப் பொது இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது அன்றைக்கு லண்டனில் லேசான காரியம் இல்லை. 1864-ல் ஏரேட்டட் பிரெட் கம்பெனி என்கிற ரொட்டி கம்பெனி அங்கே டீக்கடை திறந்தது. அப்படிப்பட்ட கடைகள் பெருகப் பெருக, ஆண்துணை இல்லாமல் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஓட்டுரிமை கேட்டுப் போராடிய பெண்கள் கூடிப் பேசிய இடங்களில் டீக்கடைகளும் உண்டு.

ஆகவே பணக்கார டீயை 'வெட்டிப் பகட்டு' என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடாதீர்கள். ஒரு பெண் தனியாக ஒரு புத்தகத்தோடு இரண்டு மணி நேரம் நிம்மதியாக உட்கார நம் ஊரில் வேறு எத்தனை இடம் இருக்கிறது?

சரி, அப்போ அந்தக் கேக்கை நிம்மதியாகச் சாப்பிட்டுவிடலாமா? கொஞ்சம் பொறுங்கள். தலையைத் தூக்கிப் பாருங்கள். சுவரோரமாக ஒரு பெண் நிற்கிறாள். கையில் கெட்டில், முகத்தில் புன்னகை. நீங்கள் உட்கார்ந்திருக்கும் இரண்டு மணி நேரமும் அவள் நிற்கிறாள். நீங்கள் போன பிறகும் நிற்பாள்.

பெரியப்பாவின் தளவானூரில் ஒரு குடைவரைக் கோயில் உண்டு. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் மலையைக் குடைந்து எடுத்த சத்ருமல்லேஸ்வரம். முகப்பின் இரண்டு பக்கமும் துவாரபாலகர்கள். சுமார் 1400 வருஷமாக நின்றுகொண்டே இருக்கிறார்கள். அவர்கள் கல். கால் வீங்காது, நரம்பு சுருட்டிக்கொள்ளாது. கெட்டில் பிடித்து நிற்பவளுக்கு எல்லாம் நடக்கும்.

ஜவுளிக்கடை, நகைக்கடைகளில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நின்றே வேலை பார்த்த பெண்களின் கால்வலி சட்டசபை வரை போய்ச் சேரவே ரொம்ப நாளானது. அவர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2018-ல் கேரளா சட்டத்தைத் திருத்தியது. 2021-ல் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் அதைச் சேர்த்தது. உட்காருவதற்கு ஒரு சட்டம்! வேடிக்கையாக இருக்கிறதா? நின்றவர்களுக்கு வேடிக்கை இல்லை.

இன்னும் பின்னால் போனால் நீலகிரியிலோ நுவரெலியாவிலோ சரிவில் நின்று கொழுந்து பறிக்கும் பெண் இருக்கிறாள். உங்கள் கோப்பையில் இருப்பது அவள் நின்று பறித்தது.

இதைச் சொல்வது உங்கள் வாயிலிருந்து கேக்கைப் பிடுங்க அல்ல. குற்ற உணர்ச்சியால் யாருக்கும் கால்வலி தீராது. நீங்கள் போகாவிட்டால் அவளுக்கு வேலைதான் போகும். 'எவ்வளவு காசு?' என்பது பெரியப்பாவின் கேள்வி. அதைவிட, 'நான் உட்கார்ந்திருக்கும்போது யார் நிற்கிறார்கள்?' என்பதுதான் முக்கியமான கேள்வி. ஐந்து நட்சத்திர ஹோட்டலிலும் அதைக் கேட்கலாம், பெரியப்பாவின் பெஞ்சிலும் கேட்கலாம்.

பில் கட்டும்போது மேனேஜரிடம் மெதுவாகக் கேளுங்கள்: "இவங்க நடுவுல கொஞ்சம் உட்கார்றதுக்கு சேர் ஏதாவது போட்டிருக்கீங்களா?" முதலில் விழிப்பார். அடுத்த வாரம் இன்னொருவரும் கேட்டால் யோசிப்பார்.

அப்புறம், அடுத்த தடவை பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் டீயை சாசரில் ஊற்றி ஊதிக் குடித்தால் தடுக்காதீர்கள்.