வெறும் முகத்தின் வீரம்

அபாயத்துக்கு அஞ்சுகிறவன் கோழை, மார்பைத் திறந்து காட்டி அதன் எதிரே நிற்கிறவனே வீரன் என்று சிறுவயது முதல் கேட்டு வளர்ந்திருக்கிறோம். அந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை உண்டு என்று யோசிக்கும்போதெல்லாம், போர்க்களத்து வீரர் எவரையும்விட, கனடா தேசத்தில் பிறந்து ஐஸ் ஹாக்கி ஆட்டத்தில் கோலைக் காத்து ஜீவனம் செய்த இரண்டு மனிதர்களே என் நினைவுக்கு முந்தி வருகிறார்கள்.

ஆறடி அகலமும் நாலடி உயரமும் உள்ள வலைக்கு முன்னால் நிற்பதுதான் அவர்களுடைய உத்தியோகம். 'பக்' என்று சொல்லும் கெட்டி ரப்பர் வட்டு மூன்றங்குல விட்டமும் ஓரங்குலக் கனமும் உடையது. சுமார் 170 கிராம் எடை. பலசாலி ஒருவன் மட்டையை ஓங்கி அடித்தால் மணிக்கு நூறு மைல் வேகத்தைத் தொட்டுவிடும். கோல் கீப்பர் கையாலோ காலாலோ அதைத் தடுத்துவிட்டால், பார்ப்பவர்களுக்கு ஏதும் நடந்ததாகவே தோன்றாது. தடுக்கத் தவறினாலோ வலைக்குப் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்து, கூடியிருக்கும் ஆயிரக்கணக்கான ஜனங்களுக்கு அவனுடைய பிழையைப் பறைசாற்றிவிடும். மற்ற ஆட்டக்காரர்கள் எண்ணிக்கையைக் கூட்டிக் கீர்த்தி பெறுகிறார்கள். இவனுக்கு மட்டும் பூஜ்யமே பரிபூரணம்.

1950-களில் இந்த வேலையை அவர்கள் வெறும் முகத்தோடு செய்தார்கள். தேசிய ஹாக்கி லீகில் அப்போது இருந்தவை ஆறே அணிகள். அணிக்கு ஒரு கோல் கீப்பர். அவன் அடிபட்டால், உள்ளே தையல் போட்டு முடியும்வரை ஆட்டம் காத்திருக்கும். உலகத்தில் ஆறு பேருக்கு மட்டுமே கிடைக்கும் ஸ்தானம் என்பதால், 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று வாய்விட்டுச் சொல்ல எவனும் துணியவில்லை. சொன்னால் அந்த இடத்துக்கு வர எத்தனையோ பேர் காத்திருந்தார்கள். அந்த ஆறு பேரில் மகா சமர்த்தரான டெர்ரி சாவ்சக்கின் முகத்தில் அந்த ஆண்டுகள் உண்டாக்கிய காயங்களையெல்லாம் 1966-இல் 'லைஃப்' பத்திரிகை ஒப்பனைக் கலைஞரைக் கொண்டு மீண்டும் வரையச் செய்து படம் பிடித்து வெளியிட்டது. ஒரே முகத்தில் அத்தனை தையலுக்கு இடம் இருக்கிறதா என்று திகைக்க வைக்கும் படம் அது.

நான் சொல்ல வந்த இருவரில் முதல்வர் க்ளென் ஹால். 1955 முதல் 1962 நவம்பர் வரை, டெட்ராய்ட் அணிக்கும் பிறகு சிகாகோ அணிக்குமாக, தொடர்ந்து 502 ஆட்டங்களில் ஒன்றையும் விடாமல், முகமூடியும் இல்லாமல் அவர் கோலைக் காத்தார். கடைசியில் முதுகுவலிதான் அந்தத் தொடரை முறித்தது. இந்த எண்ணை மட்டும் கேட்பவர், இரும்பு நெஞ்சம் படைத்த ஒருவரை மனத்தில் கற்பித்துக்கொள்வார். ஆனால் ஆட்டத்துக்கு முன் வாந்தி எடுப்பது ஹாலுக்கு வழக்கமாகவே இருந்தது. சில நாள் ஆட்ட இடைவேளையிலும் எடுப்பார். பருவம் தொடங்கும் காலம் வந்தால், ஆல்பர்ட்டாவில் உள்ள தம் பண்ணையில் கொட்டகைக்கு வர்ணம் பூச வேண்டியிருக்கிறது என்று சாக்குச் சொல்லிப் பயிற்சி முகாமுக்குத் தாமதமாகப் போவார். அந்தக் கொட்டகைக்கு எத்தனை பூச்சுதான் ஏறியதோ! பக்குக்கு அஞ்சினாரோ, கோல் விழுந்துவிடுமே என்று அஞ்சினாரோ, அவர் உடம்பு ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்பும் 'வேண்டாம்' என்று சொல்லிற்று. அதைக் கேட்டுக்கொண்டே எழுந்து வாயைக் கொப்பளித்துவிட்டுப் போய் நின்றார்.

மற்றவர் ஜாக் பிளாண்ட். மாண்ட்ரியால் கனேடியன்ஸ் அணியின் கோல் கீப்பர். தம் கம்பளிக் குல்லாய்களைத் தாமே பின்னிக்கொள்ளும் விசித்திர சுபாவமுள்ளவர். பயிற்சியின்போது முகமூடி அணிந்து பழகியிருந்தார். ஆட்டத்தில் மட்டும் அது கூடாதென்பது பயிற்சியாளர் டோ பிளேக்கின் கட்டளை. 1959 நவம்பர் 1-ஆம் தேதி நியூயார்க்கில் ஆண்டி பாத்கேட் அடித்த பக், பிளாண்டின் முகத்தில் பாய்ந்து மூக்கையும் உதட்டையும் கிழித்தது. தையல் போட்டுக்கொண்டதும், முகமூடி இல்லாமல் திரும்புவதில்லை என்று அவர் சொல்லிவிட்டார். மாற்று ஆளில்லாத நிர்ப்பந்தத்தில் பிளேக் சம்மதித்தார். மாண்ட்ரியால் 3-1 என்று வென்றது. அதன்பின் தோல்வியே காணாமல் பல ஆட்டங்கள் ஆடியும் பிளேக்கின் மனம் முழுதும் ஒப்பவில்லை. மறு மார்ச்சில் அவர் கேட்டுக்கொண்டதற்கிணங்க ஓர் ஆட்டத்தில் பிளாண்ட் முகமூடியைக் கழற்றினார். அணி 0-3 என்று தோற்றது. மறு ஆட்டத்தில் முகமூடி திரும்பியது. அந்தப் பருவத்தின் முடிவில் தொடர்ந்து ஐந்தாவது முறையாக லீகின் வெற்றிக் கோப்பையான ஸ்டான்லி கோப்பையும் வந்து சேர்ந்தது.

பிளேக்கைக் கொடியவர் என்று நான் சொல்லமாட்டேன். காலடியில் வரும் பக்கை முகமூடி மறைத்துவிடும், ஆபத்து நீங்கினால் ஜாக்கிரதையும் நீங்கிவிடும் என்பது அக்காலத்துப் பலருடைய அபிப்பிராயம்; அதில் நியாயத்தின் சாயல் உண்டு. ஆயினும் அந்த அபிப்பிராயம் பெரும்பாலும் பக் வந்து விழாத பெஞ்சிலிருந்தே எழுந்தது என்பதை நாம் கவனிக்கவேண்டும். பிறர் முகத்தைப் பணயமாக வைத்து அவர்களுடைய தைரியத்தை அளப்பது மிகவும் சுலபமான காரியம். ஆலைகளிலும் சுரங்கங்களிலும் பாதுகாப்புச் சாதனம் கேட்டவர்களுக்கு மேஸ்திரிகள் இதே தோரணையில்தான் பதில் சொல்லியிருப்பார்கள்.

ஆட்டத்தைப் பார்த்தாலோ விஷயம் தலைகீழாக இருக்கிறது. கோலைக் காலியாக விட்டு வெளியே வந்து, வலைக்குப் பின்புறம்வரை சென்று பக்கைத் தடுத்துத் தம் ஆட்களுக்குத் தள்ளிவிடும் துணிகரமான வழக்கத்தைப் பிரபலமாக்கியவர் இந்த பிளாண்ட்தான். முகத்தை மூடிக்கொண்ட மனிதர் கூட்டை விட்டு வெளியே வந்து ஆடினார். வெறும் முகத்தோடு நின்ற மனிதர் உள்ளே வாந்தி எடுத்துவிட்டு வந்து ஆடினார். அவர்களை வீரர் என்றும் கோழை என்றும் பிரிப்பதற்கு முகமூடி உதவவே இல்லை. அச்சம் இருவருக்கும் இருந்தது. ஒருவர் அதற்கு ஒரு சாதனத்தைக் கண்டுகொண்டார். மற்றவர் சாதனம் ஏதுமின்றிப் பல வருஷம் அதனோடு குடித்தனம் செய்தார். எனக்கு ஹாலிடத்தில் மரியாதை அதிகம். ஆனால் என் பிள்ளை அந்த வலை முன்னால் நிற்க நேர்ந்தால், பிளாண்டைப் போல நிற்கும்படிதான் சொல்வேன்.

1968-69 பருவத்தில் விதி இருவரையும் செயின்ட் லூயிஸ் அணியில் ஒன்று சேர்த்தது. நாற்பதை நெருங்கிய அவ்விருவரும் மாறி மாறி ஆடி, சிறந்த கோல் காவலுக்குரிய வெஸினா கோப்பையை அவ்வருஷம் பகிர்ந்துகொண்டார்கள். ஆட்டத்தில் ஹால் முகமூடி அணியத் தொடங்கியதும் அந்தப் பருவத்தில்தான். 1970-இல் இறுதிச் சுற்று ஆட்டம் ஒன்றில் பிளாண்டின் நெற்றியில் பக் மோதி அவர் நினைவிழந்தார். முகமூடிதான் தம் உயிரைக் காத்தது என்று பின்னர் சொன்னார். 1974-இல் ஆண்டி பிரவுன் என்பவர் வெறும் முகத்தோடு ஆடியதே அந்த லீகில் கடைசி. அதற்குப் பிறகு அங்கே எவரும் அப்படி ஆடவில்லை.